வேலிக்கு இந்தப் பக்கம்

குழியில் விழுந்தவனை மீட்கக் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கும் நண்பனைப் பற்றி நமக்குச் சந்தேகமே இல்லை. அவன் உயர்ந்தவன். வேலியைத் தாண்டுமுன் 'வேண்டாம்' என்று சொல்லும் நண்பனைப் பற்றி நமக்குப் பெரிதாக அபிப்பிராயம் எதுவும் இல்லை. இருந்தாலும் அது அவ்வளவு நல்ல அபிப்பிராயமாக இல்லை. இந்த வித்தியாசம் ஏன் என்பதுதான் என் கேள்வி. கொடைக்கானலில் எனக்கு ஏற்பட்ட கேள்வி இது, ஆனால் கொடைக்கானலோடு நிற்கிற கேள்வி இல்லை. சிறு பத்திரிகை நடத்துகிறவர்கள், அதில் எழுதுகிறவர்கள், அதைப் படிக்கிறவர்கள் (மூவரும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்) இதைப் பற்றி யோசிக்க விசேஷக் காரணம் உண்டு. நாம் இயங்குவதே நண்பர் குழுக்களாகத்தான்.

கொடைக்கானலில் தூண் பாறைக்கு அருகே இருக்கும் குகைகளுக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் பிசாசின் சமையலறை. 1991ல் சந்தானபாரதி இயக்கிய 'குணா' அங்கே படமானபின் அது குணா குகை ஆயிற்று. பெயர் மாறியதால் குகையின் ஸ்வபாவம் மாறிவிடவில்லை. பாறைகளுக்கிடையே ஆழம் தெரியாத பிளவுகள். மேலே சோலை மரங்களின் வேர்கள் தரைக்கு வெளியே முறுக்கிக் கிடக்கின்றன. 2006ல் கேரளத்தில் மஞ்சும்மல் என்ற ஊரிலிருந்து உல்லாசப் பயணம் வந்த நண்பர் கூட்டம் ஒன்று அந்தக் குகைக்குள் போனது. அவர்களில் ஒருவன் பிளவுக்குள் விழுந்தான். இன்னொருவன் கயிற்றில் இறங்கி அவனை உயிரோடு மேலே கொண்டுவந்தான். இறங்கியவனுக்குப் பிற்பாடு மத்திய அரசின் ஜீவன் ரக்ஷா பதக்கம் கிடைத்தது. 2024ல் சிதம்பரம் இயக்கிய 'மஞ்சும்மல் பாய்ஸ்' இந்தச் சம்பவத்தைத்தான் படமாக்கியது. 'குணா'வில் மனம் பிறழ்ந்த ஒருவன் தன் காதலிக்குச் சொல்லும் கடிதமாக வந்த இளையராஜாவின் பாட்டு, இந்தப் படத்தில் நண்பனுக்கான பாட்டாகிவிட்டது. தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் அதற்கு எழுந்த கரகோஷம் பலருக்கும் ஞாபகம் இருக்கும்.

படத்தைப் பற்றித் தமிழில் இரண்டு கட்சிகள் உருவாயின. நட்பின் மகத்துவத்தைப் பார் என்றது ஒன்று. குடித்துவிட்டுக் காட்டில் கும்மாளமிடும், தடுக்கப்பட்ட இடத்துக்குள் நுழையும் பொறுப்பற்ற கூட்டத்தைப் புனிதப்படுத்துகிறார்கள் என்றது மற்றது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே காரியத்தைச் செய்கின்றன என்று எனக்குப் படுகிறது. வேலியைத் தாண்டியதையும் குழிக்குள் இறங்கியதையும் தனித்தனியாகப் பிரித்து, தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. உண்மையில் இவற்றை அவ்வளவு சுலபமாகப் பிரித்துவிட முடியாது. தனியாக வந்தவன் வேலியைப் பார்த்துத் திரும்பிப் போய்விடுவான். கூட்டமாக வரும்போது ஒவ்வொருவனும் மற்றவனிடமிருந்து தைரியத்தைக் கடன் வாங்குகிறான். யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று கணக்கே இல்லாத கடன். 'எனக்கு என்ன ஆகும்?' என்று தனி மனிதன் ஓயாமல் போட்டுக்கொண்டிருக்கும் கணக்கு அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறது. குழிக்குள் இறங்குகிறவனிடமும் நின்றுபோவது இதே கணக்குத்தான். அது நிற்காமல் ஒருவன் இருட்டுக்குள் இறங்க முடியாது. அசட்டுத்தனத்துக்கும் தியாகத்துக்கும் வேர் ஒன்று. இதை ஒப்புக்கொள்ளாமல் ஒன்றைப் புகழ்வதும் மற்றதை இகழ்வதும் யதார்த்தத்துக்குப் பொருந்தாது.

இதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் கேள்வி என்னைத் தொட்டது ஒரு ஸ்தூலமான சந்தர்ப்பத்தில். சென்ற ஆண்டு ஓர் இரண்டாம் சனி, ஞாயிறு விடுமுறையில் எங்கள் கிளையிலிருந்து ஆறு பேர் வேன் பிடித்துக்கொண்டு மதுரையிலிருந்து புறப்பட்டோம். கொடைக்கானலில் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமாகவே பழனிக்கு இறங்கிவிடுவதாகத் திட்டம். 2024 மே மாதத்தில் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த இ-பாஸைக் காட்டிவிட்டு மலையேறினோம். குகைக்குப் போகும் வழியில் கம்பி வேலிக்கு அப்பால் சற்றுத் தள்ளி ஒரு பாறை நீட்டிக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவன் சொன்னான்: "பத்தடிதான்டா. ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடலாம்." இரண்டு பேர் கம்பியில் கை வைத்தும்விட்டார்கள். கேஷ் கவுண்டரில் இருக்கும் நண்பன் மட்டும், "வேண்டாம்ப்பா. நான் வரல. நீங்களும் போகாதீங்க" என்றான். "சரிங்க மேனேஜர் சார்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. அங்கேயே நின்றான். கம்பியில் கை வைத்தவர்களுக்குக் கை அங்கே இருப்பது கூச்சமாகிவிட்டது. பனி வந்து பாறையை மூடிற்று. யாரோ டீ குடிக்கலாம் என்றார்கள். திரும்பினோம்.

அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. பழனி வரைக்கும் அவன் கேலிக்கு ஆளானான். பஞ்சாமிர்த டப்பாவைத் திறப்பதற்குக்கூட அவனிடம் அனுமதி கேட்டார்கள். அவன் அன்று யாரையாவது காப்பாற்றினானா என்று எங்களுக்குத் தெரியாது. முக்கியமான விஷயம், அவனுக்கும் தெரியாது. அந்தப் பாறைக்குப் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திரும்பியவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். நாங்களும் ஆயிரத்து ஆறு பேராகியிருக்கலாம்.

1976ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரு தத்துவாசிரியர்கள் 'தார்மீக அதிர்ஷ்டம்' என்ற பிரச்னையை ஒரு கருத்தரங்கில் எழுப்பினார்கள். ஒரே அளவு அஜாக்கிரதையாக இரண்டு பேர் வண்டி ஓட்டுகிறார்கள். ஒருவன் எதிரில் குழந்தை வருகிறது, மற்றவன் எதிரில் வரவில்லை. இருவரும் செய்தது ஒன்றேயானாலும் ஒருவன் கொலைகாரனாகிறான், மற்றவன் வீடு போய்ச் சேர்கிறான். நம் நியாயத் தீர்ப்புகள் மனிதனின் கையில் இல்லாத ஒன்றைச் சார்ந்திருக்கின்றன என்பதுதான் சங்கடம். இதைப் பெரும்பாலும் பழியின் பக்கத்திலிருந்தே விவாதிக்கிறார்கள். புகழின் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னொரு சங்கடம் தெரிகிறது. கயிற்றில் இறங்குகிறவனின் உயர்வு வெளிப்பட, இன்னொருவன் விழ வேண்டும். விழாதவரை அவன் சாதாரணன். 'வேண்டாம்' என்கிறவனின் விஷயம் இதற்கு நேர்மாறானது. அவன் ஜெயித்தால் அவன் செய்த நன்மைக்குச் சாட்சியமே இல்லாமல் போய்விடுகிறது. யாராவது விழுந்தால்தான் அவன் சொன்னது சரி என்று தெரியும், ஆனால் யாராவது விழுந்தால் அவன் தோற்றுவிட்டான் என்று அர்த்தம். தான் சரி என்பதற்கு நிரூபணம் கிடைப்பதைவிட அது கிடைக்காமலே இருப்பதை விரும்பவேண்டிய நிலைமையில் இருக்கிறவன் அவன்.

இது எனக்குத் தொழில் மூலமாகவும் பரிச்சயமானது. கையெழுத்து ஒத்துப்போகாத காசோலையைத் திருப்பி அனுப்பும் குமாஸ்தாவை வாடிக்கையாளர் திட்டிவிட்டுப் போவார். பாஸ் ஆகிவிட்ட போலிக் காசோலையைப் பின்னால் கண்டுபிடித்துத் துப்புத் துலக்குகிறவருக்குப் பாராட்டுக் கடிதம் வரும். முதல் ஆள் தினம் ஒரு மோசடியைத் தடுத்திருக்கலாம், அல்லது வாழ்நாள் முழுவதும் ஒன்றைக்கூடத் தடுக்காமல் இருந்திருக்கலாம். எந்தப் பேரேட்டிலும் அதற்குப் பத்தி கிடையாது.

காரணம் கதையின் சுபாவத்திலேயே இருக்கிறது. நடந்ததைச் சொல்வது கதை. நடக்காமற்போனதைச் சொல்ல அதற்குத் தெரியாது. விழுதல், தேடுதல், இறங்குதல், மீளுதல் என்று மீட்பவனிடம் ஒரு முழுக்கதை தயாராக இருக்கிறது. தடுத்தவனிடம் இருப்பது 'போனோம், திரும்பினோம்' என்ற ஒற்றை வாக்கியம். சினிமாக்காரரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. புராணங்களும் காவியங்களும் நாவல்களும் சேர்ந்து நம் தார்மீக உணர்வைப் பல நூற்றாண்டுகளாகக் கதையால் வளர்த்திருக்கின்றன. கதையாகக்கூடிய நன்மையைத்தான் நாம் நன்மை என்று உணர்கிறோம். மற்றதெல்லாம் நமக்கு ஜாக்கிரதை, பயம், குமாஸ்தாத்தனம்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை உண்டு. அது பயமாகவே இருந்தால்? தொடைநடுங்கியும் 'வேண்டாம்' என்றுதான் சொல்வான். எல்லாவற்றுக்கும் வேண்டாம் சொல்லும் ஒருவனை நண்பன் என்று சொல்ல முடியுமா? மலைப் பாதையையே வேண்டாம் என்கிறவன், கவிதையையே வேண்டாம் என்கிறவன்? சம்மதிக்கிறேன். அரசாங்கத்தின் வேலியும் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. அது எல்லோருக்கும் சொல்வதால் யாருக்கும் சொல்லாததாகிவிடுகிறது. வேலியைத் தாண்டக் கூச்சப்படாதவன் நண்பனைத் தாண்டிப் போகக் கூச்சப்படுகிறான். அப்படியானால் அவனுடைய 'வேண்டாம்' வேலியின் 'வேண்டாம்' அல்ல, பயந்தவனின் 'வேண்டாம்' அல்ல, பிற்பாடு வந்து உபதேசிக்கிற கண்டனக்காரனின் 'வேண்டாம்' அல்ல. எதைக்கொண்டு பிரிப்பது?

மூன்று அடையாளங்கள் எனக்குத் தெரிகின்றன. முதலாவது, முன்னால் சொல்வது. விழுந்தபிறகு எல்லோரும் தீர்க்கதரிசிகள். இரண்டாவது, அவர்களைப் பற்றிச் சொல்லாமல் அவர்களிடமே சொல்வது. பயந்தவன் மெல்ல நழுவிவிடுவான், 'உங்க இஷ்டம்' என்பான். கண்டனக்காரன் வேறு சபையில் பேசுவான். மூன்றாவது, சொன்னபிறகும் அதே வேனில் ஏறி, பழனி வரைக்கும் கேலியைக் கேட்டுக்கொண்டு கூட வருவது. சொன்னதற்கு அவன் ஒரு விலை கொடுக்கிறான், அதையும் அந்தக் கூட்டம் எந்த நாணயத்தில் புழங்குகிறதோ அதிலேயே கொடுக்கிறான். கூட்டம் கைவசம் வைத்திருக்கும் ஒரே செல்வம் சந்தோஷமான ஒருமை. அதிலிருந்து கொஞ்ச நேரத்துக்கு விலக்கிவைக்கப்படுவதற்கு அவன் சம்மதிக்கிறான்.

இப்படிப் பார்க்கும்போது, ஆரம்பத்தில் நான் எதிரெதிராக நிறுத்திய இருவரும் அவ்வளவு எதிரானவர்கள் இல்லை என்பது தெரிகிறது. வேலியைத் தாண்டும்போது கூட்டம் 'நாம்' என்பதற்காகத் தாண்டுகிறது. அங்கே தனி முகங்கள் இல்லை. குழிக்குள் இறங்குகிறவன் 'நாம்' என்பதற்காக இறங்குவதில்லை. கீழே கிடக்கும் 'அவ'னுக்காக இறங்குகிறான். கயிற்றைக் கட்டிக்கொள்ளும்போது கூட்டத்திலிருந்து பிரிந்து தனியாகிறான். 'வேண்டாம்' என்கிறவனும் அதே மாதிரி கூட்டத்திலிருந்து பிரிந்து தனியாகித்தான் அதைச் சொல்கிறான். கூட்டத்தின் களிப்பில் இருவருமே நட்பைக் காண்பதில்லை. களிப்பு கலைகிற இடத்தில், ஒருவன் இன்னொருவனுக்கு எதிரே தனித்து நிற்கிற இடத்தில் அது தொடங்குகிறது. ஒருவன் விழுவதற்குமுன் அங்கே வந்து நிற்கிறான், மற்றவன் விழுந்தபின் வந்து நிற்கிறான். வேர் ஒன்று என்று மேலே சொன்னேன். ஆனால் அந்த வேரிலிருந்து இவர்கள் இருவரும் ஒரு பக்கமாகவும், தாண்டும் கூட்டம் வேறு பக்கமாகவும் வளர்கிறார்கள்.

நம் மரபில் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. எத்தனை பேர் அதைக் கவனித்திருக்கிறார்களோ தெரியாது. நட்பு என்றதும் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நினைவுக்கு வருகிறார்கள். நேரில் காணாமலே நண்பர்கள். சோழன் வடக்கிருந்தபோது பாண்டிய நாட்டிலிருந்து ஆந்தையார் வந்து கூட இருந்து உயிர் விட்டார். குழிக்குள் இறங்கிய நட்பு இது, மீட்பதற்காகவும் இல்லை, கூட மாள்வதற்காக. நாம் இதைக் கொண்டாடுவதில் குறையொன்றும் வைக்கவில்லை. பாரதிதாசனின் 'பிசிராந்தையார்' நாடகத்துக்கு 1969ல் சாகித்திய அகாதெமி பரிசும் வந்தது. ஆனால் சோழன் வடக்கிருப்பதற்கு முன்னால் ஒரு காட்சி உண்டு. தன்னை எதிர்த்த தன் இரண்டு பிள்ளைகளின் மேல் அவன் படையெடுத்தான். அப்போது புல்லாற்றூர் எயிற்றியனார் என்ற புலவர் எதிரே நின்று, வேண்டாம் என்றார். ஜெயித்தால் உன் செல்வத்தை யாருக்கு விட்டுப்போவாய், தோற்றால் பகைவர் சிரிக்கப் பழியை விட்டுப்போவாய் என்ற ரீதியில் நியாயம் கேட்டார். புறநானூற்றில் 213ஆம் பாட்டு அது. அரசன் கேட்டான். போர் நடக்கவில்லை. நடக்காத அந்தப் போரில் சாகாத சிப்பாய்களைப் பற்றி எந்தப் புலவரும் பாடவில்லை, எயிற்றியனாரைப் பற்றி யாரும் நாடகம் எழுதியதாகவும் எனக்குத் தெரியாது. தடுத்தலின் எல்லையும் இதே கதையில் இருக்கிறது. போரைத் தடுக்க முடிந்தது, அரசனின் சாவைத் தடுக்க முடியவில்லை. 'வேண்டாம்' என்பதற்கு அவ்வளவுதான் சக்தி. ஒரு வேலிக்கு அப்பால் இன்னொரு பள்ளம் இருக்கும்.

இனி நம் விஷயம். நாங்கள் மலையேறிய பாதை வத்தலக்குண்டு வழி. ராஜமையருக்கும் பி.எஸ். ராமையாவுக்கும் சி.சு. செல்லப்பாவுக்கும் ஊர் அது. 'மணிக்கொடி'யைக் கதைப் பத்திரிகையாக்கியவரும் 'எழுத்து' நடத்தியவரும் ஓர் ஊர்க்காரர்கள், நண்பர்கள். ராமையாவின் கதைகள் நம் வட்டாரத்தில் அவ்வளவாகப் பேசப்படாமல் போயின. அவற்றை எடுத்து அலசிச் செல்லப்பா ஒரு முழுப் புத்தகமே எழுதினார்: 'ராமையாவின் சிறுகதைப் பாணி'. கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கிய காரியமாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன். அதில் அவர் தீர்ப்புகளோடு ஒருவர் உடன்படாமல் இருக்கலாம். ஆனால் அவர் க.நா.சு.வோடு கருத்து வேறுபட்டதை அச்சிலேயே, பெயர் சொல்லியே வேறுபட்டவர். இறங்கவும் தெரிந்தவர், எதிரே நிற்கவும் தெரிந்தவர். அதனால் அவர் இறங்கியதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

இன்று நம் குழுக்களில் இறங்குகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. நண்பனின் தொகுப்பைப் பற்றி யாராவது கடுமையாக எழுதிவிட்டால் மறு இதழிலேயே நான்கு பேர் கயிற்றோடு வந்துவிடுகிறார்கள். எழுத்தாளன் நோயில் விழுந்தால் நிதி திரட்டுகிறோம். செத்தால் சிறப்பிதழ் போடுகிறோம். இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. இந்த அளவு மனசுகூட இல்லாத சமூகத்தில் இவை பெரிய காரியங்கள். ஆனால் கையெழுத்துப் பிரதியாக இருக்கும்போதே, 'இந்தத் தொகுப்பு இப்போது வேண்டாம், இதில் ஆறு கவிதைதான் கவிதை' என்று நண்பனின் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் எத்தனை பேர்? சொல்வதில்லை. முன்னுரை எழுதிக் கொடுக்கிறோம். பிற்பாடு வேறு சபையில், அவன் இல்லாதபோது, அந்த ஆறு என்ற எண்ணைச் சொல்கிறோம். தாண்டும்போது கூடத் தாண்டுகிறோம், விழுந்தபின் ஓடிப்போய் இறங்குகிறோம். இரண்டுக்கும் நடுவே ஒரு கணம் இருக்கிறது. கம்பியில் கை வைத்த அந்தக் கணம். அதில் பேச நமக்கு வாய் வரவில்லை.

விமர்சனம் என்பதே அந்தக் கணத்தில் பேசவேண்டியது என்று நான் நினைக்கிறேன். புத்தகம் அச்சாகிவிட்டது, விழுந்தாகிவிட்டது, பிறகு என்ன முன்கூட்டிச் சொல்வது என்று கேட்கலாம். ஒரு புத்தகத்துக்குப் பிந்தியது அடுத்த புத்தகத்துக்கு முந்தியதுதான். நல்ல மதிப்புரை நடந்துபோனதைத் தீர்மானிப்பதைவிட, எழுதப்போகிற கைக்கு எதிரே நிற்பதே அதிகம். அதற்கு நன்றி கிடைக்காது. எழுதப்படாமற்போன மோசமான புத்தகத்துக்காக யாரும் யாரையும் பாராட்டியதில்லை. எழுதியவனுக்கே தெரியாது, தான் எதிலிருந்து தப்பினோம் என்று.

நன்மையின் இந்தப் பாதியைக் கதையால் சொல்ல முடியாது என்றேன். அதை அப்படியே விட்டுவிடுவதற்கில்லை. எயிற்றியனார் அதைச் சொன்னார், கதையாகச் சொல்லவில்லை, பாட்டாகச் சொன்னார். நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்க்கிற பாட்டு இல்லை அது. படை கிளம்பி நிற்க, இன்னும் ஒன்றும் நடக்காத நேரத்தில், ஒருவன் முகத்தைப் பார்த்து ஒருவர் பேசியது. கவிதைக்கு அப்படியொரு இடம் இருந்திருக்கிறது, அரசனும் அதை நின்று கேட்டிருக்கிறான். இன்று நம் கவிதைகள் பெரும்பாலும் யாரையும் பார்த்துப் பேசுவதில்லை. தனக்குத்தானே பேசிக்கொள்கின்றன, அல்லது 'நாம்' என்ற கூட்டத்தின் நடுவிலிருந்து பேசுகின்றன. எதிரே ஒருவனை நிறுத்தி, அவனுக்குப் பிடிக்காத ஒன்றை, அவனை இழந்துவிடும் சாத்தியத்தோடு சொல்லும் குரலை நான் நம் பக்கங்களில் தேடுகிறேன். கவிதையில் கிடைக்காவிட்டால் விமர்சனத்திலாவது கிடைக்க வேண்டும். கயிறு நம் எல்லோரிடமும் இருக்கிறது, அது நல்லதுதான். ஆனால் அதை எடுக்கவேண்டிய அவசியம் எத்தனை தடவை வராமலே இருந்திருக்கும் என்று ஒவ்வொரு குழுவும் தனக்குள் கேட்டுப் பார்க்கலாம்.